தண்டவாளத்துக்கு ஊரே பொறுப்பு: உள்நாட்டுப் போர்களில் பாதைக்காவலுக்கு இழுக்கப்பட்ட பொதுமக்கள்

1861 ஜூலை 21 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், மிசோரி மாநிலத்தில், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்குப் படையின் ஜெனரல் ஜான் போப் ரயில் பாதையோர மக்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தார். வட மிசோரி ரயில் பாதையில் உள்ள ஒவ்வொரு ஊரும் ஸ்டேஷனும் தனக்கு இருபுறமும் 5 மைல் தூரத்துக்குப் பொறுப்பு. அதற்குள் பாலமோ மதகோ தண்டவாளமோ சேதமானால், ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றதற்கு உறுதியான சான்று இருக்க வேண்டும். செய்தவர்களின் பெயரும் விவரமும் பக்கத்துப் படை அதிகாரிக்கு உடனே போயிருக்க வேண்டும். இல்லையென்றால் சேதம் முழுவதற்கும் ஈடான பணத்தையோ பொருளையோ அந்த ஊரிலிருந்தே வசூலிப்பார்கள்.

5 மைல் என்பது 8 கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்து இரணியல் ஸ்டேஷனை வைத்து இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மேற்கே பள்ளியாடியைத் தாண்டியும், கிழக்கே ஏறத்தாழ வீராணி ஆளூர் பக்கம் வரையிலும் உள்ள பாதை இரணியல்காரர்களின் தலையில் விழும். வெட்டுக்குழிகள், வாழைத் தோட்டங்கள், தென்னந்தோப்புகள், ஓடைகளின் மேல் சிறு பாலங்கள் எல்லாம் சேர்ந்து 16 கிலோமீட்டர். இன்றைய அளவில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) என்று வைத்தால் 26,560 ஸ்லீப்பர்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கிளிப், ஆக ஒரு லட்சத்துக்கு மேல். இவற்றில் எங்கே யார் கை வைத்தாலும் அபராதம் இரணியலுக்கு.

போப் ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கு ராணுவக் காரணம் இருந்தது. மிசோரி அடிமை முறை இருந்த மாநிலம். ஒன்றியத்தை விட்டு விலகவில்லை, ஆனால் ஊருக்குள்ளேயே மக்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். வடபகுதியில் அவருடைய படைகளுக்கு உணவும் குண்டும் ஆளும் வந்தது வட மிசோரி பாதையிலும், 1859-ல் முடிந்திருந்த 206 மைல் நீள ஹானிபல்–செயின்ட் ஜோசப் பாதையிலும்தான். பாலங்கள் பெரும்பாலும் மரம். எரிக்க வந்தவர்கள் சீருடை அணியாதவர்கள். இரவில் குதிரையில் வந்து, விடிவதற்குள் தங்கள் பண்ணைக்குத் திரும்பி ஏர் பிடித்தார்கள். எல்லாப் பாலத்துக்கும் காவல் போட்டால் சண்டைக்குப் போகப் படை மிஞ்சாது. அதனால் காவல் வேலையை ஊரார்மேல் சுமத்தினார். அடிபடுமே என்ற பயத்தில் ஊராரே கெரில்லாக்களைத் தடுப்பார்கள் என்பது கணக்கு.

இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பது பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும். 8 கிலோமீட்டரை இரண்டு பேர் சேர்ந்து நடந்து பார்க்கிறார்கள் என்று கொள்வோம். ஜல்லியில், இரவில், மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தால் அதுவே நல்ல வேகம். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. பாதையின் நடுப்புள்ளியை அவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார்கள். கடைக்கோடிகளை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. எந்த இடமும் 15 நிமிடத்துக்கு மேல் கண்ணில் படாமல் இருக்கக் கூடாது என்றால், ஒரு ஜோடிக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் கொடுக்க முடியாது. ஸ்டேஷனுக்கு இருபுறமும் சேர்த்து 32 ஜோடி, அதாவது ஒரே நேரத்தில் 64 பேர். இரவை இரண்டு முறையாகப் பிரித்தால் 128 பேர். பகலில் வயலிலும் நிற்க வேண்டிய மனிதன் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது தூங்க வேண்டுமே. அப்படியானால் 256 பேர். அன்றைய மிசோரியில் பாதையோரச் சிற்றூர் பலவற்றில் இத்தனை ஆண்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். கிடைத்தவர்களிலும் பலர் ஏதோ ஒரு படையில் சேர்ந்திருந்தார்கள் அல்லது இரண்டுக்கும் பயந்து ஓடியிருந்தார்கள்.

பார்ப்பதோடு வேலை முடிவதில்லை, வருகிற ரயிலை நிறுத்த வேண்டும். இங்கேதான் பாதைப் பராமரிப்புத் தொழிலாளியான கேங்மேனுக்கும், வயலிலிருந்து பிடித்து வரப்பட்டவருக்கும் உள்ள வேறுபாடு. நம்முடைய அகலப் பாதையில் தடையைக் கண்ட பேட்ரோல்மேன் அந்த இடத்தைச் சிவப்பு விளக்கால் காத்துவிட்டு, ரயில் வரும் திசையில் ஓடி, 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர்களும் தண்டவாளத்தின் மேல் வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து டிரைவரை எச்சரிக்கும். ஒற்றைப் பாதையில் இரு திசையையும் காக்க வேண்டும். எந்தப் பக்கம் வண்டி முதலில் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். இருட்டில் ஜல்லி மேல் 1,200 மீட்டர் ஓட, நல்ல உடல்வாகு உள்ளவருக்கே பத்து நிமிடம் பிடிக்கும். அதனால்தான் மழைக்காலப் பேட்ரோலுக்கு வண்டி நேரத்தோடு பொருந்திய நடை அட்டவணை இருக்கிறது. எந்தக் கிலோமீட்டரில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும். 2021 நவம்பர் மழையில் இரணியல், குழித்துறை பக்கம் மண் சரிந்து நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில்கள் நின்றபோது, இந்த ஏற்பாட்டின் அருமை மாவட்டத்தில் பலருக்கும் புரிந்திருக்கும்.

1861-ல் மிசோரி விவசாயியிடம் விளக்குக்குறியும் இல்லை, வண்டி நேரமும் இல்லை. போர்க்கால ரயில்கள் அட்டவணைப்படி ஓடவும் இல்லை. வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றதே 1869-ல்தான். அதற்கு முன் டிரைவர் விசில் அடித்தால், பெட்டிகளின் மேல் நிற்கும் பிரேக்மேன்கள் ஒவ்வொரு பெட்டியாகக் கைச்சக்கரத்தைத் திருகி நிறுத்துவார்கள். இருட்டில் ஒருவன் தண்டவாளத்தில் நின்று கையை ஆட்டினால், அவன் காவலுக்கு வந்தவனா கொள்ளைக்கு வந்தவனா என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? வண்டியை நிறுத்தினால் பதுங்கிக் கிடப்பவர்கள் சுடலாம். நிறுத்தாவிட்டால் பாலத்தில் விழலாம்.

1861 செப்டம்பர் 3 இரவு அதுதான் நடந்தது. செயின்ட் ஜோசப் அருகே பிளாட் ஆற்றுப் பாலத்தின் தாங்கு மரங்களைக் கெரில்லாக்கள் எரித்திருந்தார்கள், ஆனால் மேல்தளம் விழாமல் நின்றது. பார்வைக்குப் பாலம் இருந்தது, சுமை தாங்கும் வலு இல்லை. பயணிகள் ரயில் ஏறியதும் எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. பதினேழுக்கும் குறையாதவர்கள் இறந்தார்கள், ஏறத்தாழ நூறு பேர் காயமடைந்தார்கள். முழுதாக எரிந்து விழுந்த பாலத்தைவிடப் பாதி எரிந்த பாலம் ஆபத்தானது. அடியில் இறங்கி, மரத்தின் கருகிய ஆழத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த அறிவை அபராத அறிவிப்பு யாருக்கும் கொடுத்துவிடாது.

இந்த விபத்துக்கு முந்தைய மாதமே போப்பின் முறை பரிசோதிக்கப்பட்டிருந்தது. பால்மைரா ஊர்ப் பக்கம் ரயில் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததற்காகப் படையை அனுப்பி, ஊர்மேலும் கவுன்ட்டிமேலும் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) தண்டம் விதித்தார்கள். வசூலுக்குப் போன சிப்பாய்கள் வீடுகளில் புகுந்து கிடைத்ததை எடுத்தார்கள். அந்தப் பாதையை நடத்திய ரயில் கம்பெனியின் பிரதிநிதியே, இது விசுவாசமாக இருந்தவர்களையும் எதிரிப் பக்கம் தள்ளுகிறது என்று கம்பெனி மேலிடத்துக்கு எழுதினார். பாதை உடைந்தால் முதலில் நட்டப்படுபவரின் சொல் அது, அதனால் அதற்கு எடை அதிகம்.

தண்டத்தின் தர்க்கத்திலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. ஊர் முழுவதையும் தண்டித்தால், அரசு ஆதரவாளரும் சேர்ந்துதான் கட்டுகிறார். அப்படியென்றால், கெரில்லா தன் எதிரிகள் அதிகம் வாழும் ஊரின் எல்லைக்குள் வந்து பாலத்தை எரித்தால் போதும். அவர்களுக்கு வலியை அரசே கொடுத்துவிடும். பெயர் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை அதைவிடக் கொடியது. சொன்னவரின் வீடு அடுத்த வாரம் எரியும், சொல்லாதவருக்கு அபராதம். படை மறுநாள் கிளம்பிப் போய்விடும், கெரில்லா பக்கத்துப் பண்ணையிலேயே இருக்கிறான். ‘எதிர்த்து நின்ற சான்று’ கேட்பதும் அப்படியே. வெறுங்கையோடு நிற்பவர் துப்பாக்கிக்காரக் கூட்டத்தை எதிர்த்தார் என்பதற்கு அவருடைய பிணத்தைத் தவிர வேறென்ன சான்று இருக்க முடியும்?

முறை பலிக்கவில்லை என்றதும் ஆணைகள் கடுமையாகின. 1861 டிசம்பர் 20 வாக்கில் வட மிசோரி பாதையில் ஏறத்தாழ நூறு மைல் நீளத்துக்குப் பாலங்களும் தண்டவாளங்களும் அழிக்கப்பட்டன. இரண்டு நாள் கழித்து, மிசோரியில் வடக்குப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஹாலெக் 32-ஆம் எண் ஆணையை இட்டார். பாலம் எரிக்கையில் பிடிபட்டால் அங்கேயே சுட வேண்டும். பழுது பார்க்க அக்கம்பக்கத்துப் பிரிவினைவாதிகளின் அடிமைகளைப் பிடித்து வேலை வாங்க வேண்டும், தேவைப்பட்டால் பிரிவினைவாதிகளையும். செலவு ஊர்மேலும் கவுன்ட்டிமேலும். வரிசையைக் கவனியுங்கள்: எஜமானின் அரசியலுக்காக முதலில் மண் சுமக்கப் போகிறவர் அடிமை. கன்னியாகுமரி மாவட்ட வாசகருக்கு இந்த வரிசை புதிதல்ல. திருவிதாங்கூர் காலத்தில் அரசுக்கும் கோவிலுக்கும் கூலியில்லாமல் உழைக்க வேண்டிய ஊழியம் ஒடுக்கப்பட்ட சாதிகள்மேல்தான் விழுந்தது. அய்யா வைகுண்டர் எதிர்த்துப் பேசிய கொடுமைகளில் அதுவும் ஒன்று. ‘ஊரார் எல்லாரும்’ என்று எழுதப்படும் ஆணை, ஊரில் மறுத்துப் பேச முடியாதவரைத் தேடித்தான் போகும்.

தெற்குத் தரப்பும் இதில் பின்தங்கவில்லை. 1861 நவம்பர் 8 இரவு கிழக்கு டென்னசியில் வடக்கு ஆதரவாளர்கள் ஐந்து ரயில் பாலங்களை எரித்தபோது, தெற்கின் போர்ச் செயலர் யூதா பெஞ்சமின், பாலம் எரித்தவர்களைத் தூக்கிலிட்டு உடல்களை எரிந்த பாலங்களின் அருகே தொங்கவிட உத்தரவிட்டார். போகிற வருகிற ரயிலிலிருந்து தெரியும்படி.

வர்ஜீனியாவில் பொறுப்பு எல்லை விரிந்தது. 1863 ஜூலை 30 அன்று வடக்கின் ஜெனரல் மீட், ஆரஞ்சு–அலெக்சாண்ட்ரியா பாதையிலிருந்து 10 மைலுக்குள் வாழும் எவரையும் பழுது வேலைக்குப் பிடிக்கலாம் என்றும், தாக்குதல் நிற்காவிட்டால் பாதையோர மக்கள் அனைவரையும் எல்லைக்கு அப்பால் துரத்தி உடைமைகளை எடுத்துக்கொள்வோம் என்றும் அறிவித்தார். 10 மைல், 16 கிலோமீட்டர். நம் பாதையிலிருந்து அந்தத் தூரத்தை அளந்தால் குளச்சல், முட்டம் கடற்கரையும் உள்ளே வரும், திருவட்டாறும் உள்ளே வரும். ரயிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத மீனவரும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியும் பாதைக்குப் பொறுப்பாளி.

1864 அக்டோபரில் வர்ஜீனியாவின் மனாசஸ் கேப் பாதையில், தெற்குத் தரப்பின் மாஸ்பியுடைய கெரில்லாக்கள் ரயில்களைக் கவிழ்த்தபோது, அலெக்சாண்ட்ரியா நகரத்தின் தெற்கு ஆதரவுப் பிரமுகர்களைப் பிடித்து ரயிலில் ஏற்றி ஓட்டினார்கள். கவிழ்த்தால் உங்கள் ஆட்களே சாவார்கள் என்பது செய்தி. பாதையிலிருந்து 5 மைலுக்குள், நண்பர்கள் என்று தெரியாதவர்களின் வீடுகளை அழிக்கவும் ஆணை வந்தது. மாஸ்பி நிற்கவில்லை. சில வாரங்களில் வடக்குப் படை அந்தப் பாதையையே கைவிட்டு, தண்டவாளங்களைத் தானே பெயர்த்து வேறு பாதைக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று வடக்கின் ஜெனரல் ஷெர்மன் எழுதிய கடிதம் இன்னும் ஒரு படி போகிறது: கண்ணிவெடி இருக்கும் என்று சந்தேகப்படும் இடத்தில், கைதிகளையோ சம்பந்தப்பட்ட ஊர்க்காரர்களையோ ஏற்றிய பெட்டியை நீளக் கயிறு கட்டி இழுத்துச் சோதிக்கலாம் என்றார்.

போப் முதலில் அறிவிப்பு விடுத்த வட மிசோரி பாதையில், மூன்று ஆண்டு கழித்து, 1864 செப்டம்பர் 27 அன்று சென்ட்ரேலியா ஸ்டேஷனில் கெரில்லாக்கள் ரயிலை நிறுத்தினார்கள். விடுப்பில் ஊர் போய்க்கொண்டிருந்த, ஆயுதமில்லாத சிப்பாய்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை இறக்கிச் சுட்டுக் கொன்றார்கள்.

ஆனாலும் வடக்கின் ரயில்கள் ஓடின. போரையே அவைதான் வென்று கொடுத்தன என்று சொல்வாரும் உண்டு. எப்படி? விடை பழுது பார்க்கும் வேகத்தில் இருக்கிறது. 1862 மே மாதம் ஹெர்மன் ஹாப்ட் என்ற பொறியாளர், ஏறத்தாழ 400 அடி நீளமும் 80 அடி உயரமும் உள்ள பொட்டோமாக் ஓடைப் பாலத்தை, பக்கத்துக் காட்டு மரத்தை வெட்டி, பயிற்சியில்லாத சிப்பாய்களை வைத்தே இரண்டு வாரத்துக்குள் எழுப்பினார். 1864-ல் அட்லாண்டா அருகே சட்டஹூச்சி ஆற்றின் மேல் 780 அடி நீள, 92 அடி உயரப் பாலத்தைக் கட்டுமானப் படை நாலரை நாளில் முடித்தது. இதற்காகச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள்; அவர்களில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஏராளம். அளவெடுத்து அறுத்த மரம், தண்டவாளம், ஆணி எல்லாம் முன்கூட்டியே பல இடங்களில் குவித்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு பாலத்தின் உறுப்பு இன்னொன்றுக்கும் பொருந்துமாறு அளவுகளைப் பொதுவாக்கினார்கள். எரிப்பதற்கு ஆகும் சிரமத்தைவிடத் திரும்பக் கட்டும் சிரமம் குறைந்துவிட்டால் கெரில்லாவின் உழைப்பு வீண். பெரிய பாலங்களில் மட்டும் தடித்த மரக் காப்பரண்களில் ஆயுதம் தாங்கிய காவலர்கள். பொதுமக்களின் கழுத்தில் கத்தி வைப்பதற்கு இந்த ஏற்பாட்டில் வேலையே இல்லை.

நீண்ட பாதை முழுவதையும் உண்மையிலேயே காத்தால் என்ன விலை ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டியது. அங்கே பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ் 1900 ஜூனில், தன்னை எதிர்த்துப் போரிட்ட போயர்களின் (டச்சு வழிவந்த வெள்ளையர்) பிரமுகர்களை ரயிலில் பிணையாக ஏற்ற ஆணையிட்டார். சில வாரங்களிலேயே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிறகு தகரமும் சரளைக்கல்லும் கொண்டு ஏறத்தாழ 8,000 காவல் அரண்கள், 3,700 மைல் நீளத்துக்கு எழுந்தன. சராசரியாக முக்கால் கிலோமீட்டருக்கு ஒன்று. அவற்றில் நிற்க மட்டும் 50,000 சிப்பாய்கள் தேவைப்பட்டார்கள். ஒரு பேரரசு 50,000 துப்பாக்கிகளை வைத்துச் செய்த வேலையைத்தான் மற்ற இடங்களில் வெறுங்கை விவசாயியிடம் கேட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரிலும் அதுவே நடந்தது. ஜெர்மானியர் ஆக்கிரமித்த போலந்திலும் பிரான்சிலும் ஊர் ஆண்களை முறைவைத்து இரவில் தண்டவாளத்தில் நிறுத்தினார்கள். தங்கள் பகுதியில் நாசவேலை நடந்தால் முதலில் மாட்டுபவர்கள் அவர்கள். வட சீனத்தில் ஜப்பானியர்கள் பாதையோரக் கிராமங்களை ‘ரயில் பாதையை நேசிக்கும் கிராமங்கள்’ என்று பதிவு செய்து காவலுக்கு இழுத்தார்கள். கிரேக்கத்தில் ஆக்கிரமிப்புப் படையினர் எஞ்சினுக்கு முன்னால் கூண்டு வண்டியில் பிணைக்கைதிகளை அடைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

தமிழர் வரலாற்றிலும் இதன் ஓரங்கள் தட்டுப்படும். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கோவை சிங்காநல்லூர் பக்கம் சரக்கு ரயில் கவிழ்க்கப்பட்டது; அந்த ஆண்டு கூட்டு அபராத அவசரச் சட்டத்தின்படி நாடெங்கும் ஊர்கள்மேல் தண்டம் விழுந்தது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல் என்பதால் இந்த மாவட்டம் அப்போது அந்தக் கதைக்கு வெளியே இருந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்திருந்த மலாயா ரயில்வேயில், 1948-க்குப் பிந்தைய அவசரநிலைக் காலத்தில், ரயிலுக்கு முன்னே கவசம் பூட்டிய டிராலிகள் பாதையைச் சோதித்தபடி ஓடின. அரசு மக்களை இடம்பெயர்த்துக் குடியேற்றிய புதுக்கிராமங்களின் ஆண்கள் ஊர்க்காவலுக்குக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். இலங்கையில் 1985 ஜனவரி 19 அன்று முறிகண்டியில் யாழ்தேவி ரயில் தாக்கப்பட்டபோது படையினரோடு பொதுமக்களும் இறந்தார்கள். 1990-க்குப் பின் வடபாதை ஓடவில்லை. தண்டவாளமும் ஸ்லீப்பரும் பதுங்குகுழிகளுக்குப் போயின. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது 2014 அக்டோபர் 13 அன்று.

சட்டம் இந்த அனுபவங்களின் ஊடே மெல்லத்தான் வந்தது. 1899, 1907 ஹேக் விதிகளின் 50-ஆம் பிரிவு, தனிமனிதர் செயலுக்காக மக்கள் மேல் பொதுத் தண்டம் விதிப்பதைத் தடுக்கிறது. 1949-ன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் கூட்டுத் தண்டனையை 33-ஆம் பிரிவிலும், பிணை பிடிப்பதை 34-ஆம் பிரிவிலும் தடை செய்தது. 51-ஆம் பிரிவில் இன்னும் நேரடியான வரி ஒன்று உண்டு: கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களை, அவர்கள் வேலை செய்யும் அமைப்புகளைப் பலப்பிரயோகத்தால் காக்கும்படி நிர்ப்பந்திக்கக் கூடாது. ஆனால் இந்தப் பிரிவுகள் நாடுகளுக்கு இடையிலான போருக்கும் ஆக்கிரமிப்புக்கும் உரியவை. உள்நாட்டுப் போருக்கு, நான்கு ஒப்பந்தங்களுக்கும் பொதுவான 3-ஆம் பிரிவு பிணை பிடிப்பதைத் தடுக்கிறது. கூட்டுத் தண்டனையைத் தடுப்பது 1977-ன் இரண்டாம் கூடுதல் நெறிமுறை. இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவில்லை.

நம் நாட்டில் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கூலியில்லாக் கட்டாய வேலையைத் தடை செய்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு, மதம், இனம், சாதி, வர்க்க வேறுபாடு காட்டாமல் பொதுநோக்கத்துக்குக் கட்டாய சேவை விதிக்க அரசுக்கு இடம் விடுகிறது. உள்நாட்டு மோதலில் ஊர்க்காரர்களைப் படைக்கு முன்னே நிறுத்தலாமா என்ற கேள்வி சத்தீஸ்கரிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மாதம் 3,000 ரூபாய்க்குப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கி மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பயன்படுத்துவது, சமத்துவத்தையும் உயிர்வாழும் உரிமையையும் உறுதிசெய்யும் 14, 21-ஆம் பிரிவுகளுக்கு முரண் என்று 2011 ஜூலை 5 அன்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு சத்தீஸ்கர் அரசு துணை ஆயுதக் காவல் படைச் சட்டம் ஒன்றை இயற்றி, அந்த இளைஞர்களை அந்தப் படைக்குள் எடுத்துக்கொள்ள வழி செய்தது.